எழுதியதை எங்கே பத்திரப்படுத்துவது? பென்டிரைவ், ஹார்டு டிஸ்க், கிளவுட்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தமிழில் எழுதுகிறவர்களில் பலர் கையில் எடுப்பது குடும்பக் கதையைத்தான். 1860 நவம்பர் 16 அன்று இந்திய ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பலான ட்ரூரோ வந்ததில் தொடங்கி கரும்புத் தோட்டம், டர்பனில் இந்தியர்கள் குடியமர்த்தப்பட்ட சாட்ஸ்வர்த் என்று அது நீளும். கூடவே பெரியவர்கள் பேசியதைப் பதிவுசெய்த ஒலிக்கோப்புகளும் சேரும். கட்டுரை போனால் திரும்ப எழுதலாம். சொன்னவர் காலமான பிறகு ஒலிக்கோப்பு போனால் போனதுதான். அதனால் எழுத்தையும் ஒலியையும் தனித்தனியாக யோசிக்க வேண்டும்.

பென்டிரைவை நான் காப்புப் பிரதியாகவே எண்ணுவதில்லை. எளிதில் தொலையும், மின்சாரம் படாமல் வருடக்கணக்கில் இழுப்பறையில் கிடந்தால் பதிவும் அழியக்கூடும். அச்சகத்துக்குக் கொண்டுபோக அது போதும்.

வெளியே மாட்டும் ஹார்டு டிஸ்க் வேறு ரகம். ஒரு டெராபைட் இருந்தால் ஒலிப்பதிவு, ஸ்கேன் செய்த பழைய படங்கள் எல்லாமே அடங்கும். மாதச் சந்தாவும் டேட்டா செலவும் கிடையாது. ஆனால் லோட் ஷெட்டிங், அதாவது முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு, அதற்கு எதிரி. 2022, 2023இல் அது ஸ்டேஜ் 6 என்ற கடுமையான கட்டம் வரை போனதை யாரும் மறந்திருக்க மாட்டோம். கோப்பு பதிவாகும் நேரத்தில் மின்சாரம் நின்றால் அது சிதையலாம். திரும்ப வரும்போது மின்னழுத்தம் எகிறிக் கருவியையே கெடுக்கலாம். நகலெடுத்ததும் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிடுங்கள். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸும் கழற்றி வைத்த டிஸ்க்கைத் தொடாது.

எங்கே வைப்பது என்பதுதான் பெரிய கேள்வி. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் 400 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். எத்தனையோ வீடுகள் இடிந்தன. கணினி மேசைமேல், டிஸ்க் அதே மேசை இழுப்பறையில் என்றால் வெள்ளத்திலும் திருட்டிலும் இரண்டும் சேர்ந்தே போகும். இரண்டு டிஸ்க் வாங்கி, ஒன்றை பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கும் தங்கை வீட்டில் கொடுத்துவிட்டு, காவடிக்கோ கல்யாணத்துக்கோ போகும்போது மாற்றிக்கொள்வதே நல்லது.

இணையம் வழியாக வேறொருவரின் சர்வரில் கோப்பை வைக்கும் கிளவுடில் அந்த அலைச்சல் இல்லை. கூகுள் 15 ஜிபி, ஒன்டிரைவ் 5 ஜிபி, டிராப்பாக்ஸ் 2 ஜிபி இலவசமாகத் தருகின்றன. படம் சேர்க்காத நாவல் சில எம்பிதான் வரும் என்பதால் வாழ்நாள் எழுத்துக்கே அந்த இடம் போதும். ஒலிப்பதிவுகளுக்குப் போதாது. பலர் கவனிக்காத ஒன்றும் உண்டு: கணினியோடு ஒத்திசையும் கோப்புறையில் ஒரு அத்தியாயத்தை அழித்தால் கிளவுடிலும் அது அழியும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும், அப்புறம் கிடைக்காது. இணையத்தையும் நம்பியிருக்க வேண்டும். 2024 மார்ச்சில் மேற்கு ஆப்பிரிக்கக் கரையோரம் கடலடிக் கேபிள்கள் பழுதானபோது இங்கேயும் மைக்ரோசாஃப்ட் சேவைகள் தடுமாறின. கடவுச்சொல்லை வீட்டில் இன்னொருவரும் தெரிந்து வைத்திருக்கட்டும்.

எங்கே வைத்தாலும் தமிழுக்கென்று ஒரு தொல்லை இருக்கிறது. பாமினி, டிஸ்கி போன்ற பழைய எழுத்துரு முறைகளில் தட்டச்சு செய்த பழைய கோப்புகள் பத்திரமாக இருந்தும், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் கிறுக்கலாகத் தெரியும். முதலில் அவற்றை, இன்றைய கணினிகளெல்லாம் படிக்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்றுங்கள்.

காகிதத்தையும் ஒதுக்க வேண்டாம். ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர் எழுதிய கப்பல் பதிவேடுகளை வைத்துத்தான் இன்றும் நம் வேர்களைத் தேடுகிறோம். முடிந்த அத்தியாயத்தை அச்சடித்து வைக்க அதிகம் செலவாகாது.

கையில் காசு குறைவு, எழுத்து மட்டும்தான் இருக்கிறது என்றால் இலவசக் கிளவுடும் அச்சுப் பிரதியும் போதும். டிஸ்க் வாங்க அவசரமில்லை. ஒலிப்பதிவு வைத்திருப்பவர்கள் மட்டும் தள்ளிப்போடாமல் இந்த மாதமே டிஸ்க் வாங்கிவிடுங்கள். நகலெடுத்த பிறகு அதை வேறொரு கணினியில் மாட்டி, சில கோப்புகளையாவது திறந்து பார்த்துவிட்டு அப்புறம் தங்கை வீட்டுக்கு அனுப்புங்கள்.