எச்.பி.வி. டி.என்.ஏ. பரிசோதனை: கொடுக்கிற காசுக்குத் தகுமா?

கருப்பைவாய்ப் புற்றுநோயைக் கண்டுபிடிக்கும் டெஸ்ட் என்று சொல்லித்தான் இதை விற்கிறார்கள். உண்மையில் இது புற்றுநோயைத் தேடுவதே இல்லை. அந்தப் புற்றை உண்டாக்கக்கூடிய பாப்பிலோமா வைரஸ் (எச்.பி.வி.) அங்கே இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. கருப்பைவாயில் தேய்த்தெடுத்த செல்களை மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் பாப் ஸ்மியருக்கு லேப்பில் சில நூறு ரூபாய் ஆகிறது, இதற்கு ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள். கூடுதலாகக் கொடுக்கும் பணம் எதற்கு என்றால், 'நெகட்டிவ்' என்ற ஒரு சொல்லுக்கு. அந்தச் சொல் வந்தால் கொடுத்த காசு வீண் இல்லை. 'பாசிட்டிவ்' வந்தால் என்ன என்பதில்தான் ஒரு லேப்புக்கும் இன்னொரு லேப்புக்கும், ஒரு முகாமுக்கும் இன்னொரு முகாமுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

நெகட்டிவுக்கு இவ்வளவு மதிப்பு எப்படி வந்தது? மகாராஷ்டிரத்தில் உஸ்மானாபாத் மாவட்டத்தில் (இன்றைய தாராசிவ்) 30 முதல் 59 வயது வரையான 1,31,746 பெண்களை நான்கு குழுவாகப் பிரித்து ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2009இல் வெளியானது. ஒரு குழுவுக்கு எச்.பி.வி. டெஸ்ட், ஒன்றுக்குப் பாப் ஸ்மியர், ஒன்றுக்கு வினிகர் டெஸ்ட் எனப்படும் வி.ஐ.ஏ., நான்காவது குழுவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். வாழ்நாளில் ஒரே ஒரு முறை எச்.பி.வி. டெஸ்ட் செய்த குழுவில் இந்தப் புற்றால் இறந்தவர்கள் 34 பேர். ஒன்றும் செய்யாத குழுவில் 64 பேர். மற்ற இரண்டு குழுக்களிலும் சொல்லிக்கொள்ளும்படியான குறைவு தெரியவில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: பாப் ஸ்மியரிலோ வினிகரிலோ 'ஒன்றுமில்லை' என்று அனுப்பப்பட்டவர்களுக்குப் பின்னால் புற்று வந்த விகிதம், எச்.பி.வி. நெகட்டிவ் ஆனவர்களைப் போல நான்கு மடங்குக்கும் மேல். உலக சுகாதார நிறுவனம் 2021இல் முதல்நிலைப் பரிசோதனையாக இதையே பரிந்துரைத்து, 30 வயதில் தொடங்கி 5 முதல் 10 ஆண்டுக்கு ஒருமுறை போதும் என்றது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மட்டும் 25 வயதிலிருந்து, 3 முதல் 5 ஆண்டுக்கு ஒருமுறை. ஆகவே ஆண்டுதோறும் எடுக்கச் சொல்லும் 'மகளிர் நல பேக்கேஜ்' உங்களுக்காகப் போடப்பட்டதல்ல, லேப்பின் கல்லாவுக்காகப் போடப்பட்டது.

அதற்காகப் பழைய முறைகளை மட்டம் தட்டவும் முடியாது. வி.ஐ.ஏ.வில் 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலம் தடவி, ஒரு நிமிடம் காத்திருந்து, வெளுத்த திட்டு தெரிகிறதா என்று கண்ணால் பார்க்கிறார்கள். செலவு இல்லை, கரண்ட் வேண்டாம், பதில் அந்த இடத்திலேயே கிடைக்கும். பார்க்கிற நர்ஸின் கண்ணும் பயிற்சியும்தான் அதன் தரம். பாப் ஸ்மியரில் தேய்த்த கண்ணாடித் தகடு காய்வதற்குள் 95 சதவீத எத்தனாலில் போய்விட வேண்டும். சில வினாடி தாமதித்தாலும் செல்லின் கரு உப்பிப்போய், படிப்பவருக்கு எது இயல்பு எது மாறியது என்று தெரியாது. செல்களைப் படிக்கத் தெரிந்த நல்ல சைட்டாலஜிஸ்ட் இருக்கும் ஊரில் நல்ல டெஸ்ட்தான். அப்படி எத்தனை ஊர் இருக்கிறது?

இனி மெஷின்கள். எல்லா எச்.பி.வி. டெஸ்ட்டும் ஒன்றல்ல, ரிப்போர்ட்டில் மெஷின் பெயர் இருக்கும், அதைப் பாருங்கள். கியாஜென் நிறுவனத்தின் ஹைப்ரிட் காப்ச்சர் 2 பழைய கை. உஸ்மானாபாத்தில் பயன்பட்டதும் இதே முறைதான். ஆபத்தான 13 வகைகளில் ஏதோ ஒன்று இருக்கிறதா இல்லையா என்று சொல்லும், எந்த வகை என்று சொல்லாது. சாம்பிளில் போதிய செல் இருந்ததா என்று சரிபார்க்கும் உள்சோதனையும் அதில் கிடையாது. அதாவது குச்சியில் ஒன்றுமே ஒட்டாமல் போனாலும் 'நெகட்டிவ்' என்றுதான் வரும். ரோஷ் நிறுவனத்தின் கோபாஸ் 14 வகைகளைப் பார்க்கிறது. 16, 18 என்ற எண்ணுள்ள வகைகள் இரண்டையும் தனித்தனியாகவும் மற்ற 12ஐ ஒரே கூட்டாகவும் சொல்கிறது. பீட்டா குளோபின் என்ற மனித மரபணுவையும் தேடுவதால், சாம்பிளில் செல் இல்லை என்றால் 'செல்லாது' என்று ஒப்புக்கொள்ளும். பெரிய லேப்புக்கான மெஷின் இது, சாம்பிள்கள் சேர்ந்த பிறகுதான் ஓட்டுவார்கள்.

செபீட் நிறுவனத்தின் எக்ஸ்பெர்ட் எச்.பி.வி. எங்களுக்குப் பிடித்தது. காசநோய்க்குச் சளி பார்க்கும் அதே ஜீன்எக்ஸ்பெர்ட் பெட்டிதான், கார்ட்ரிட்ஜ் மட்டும் வேறு. ஒரு மில்லி சாம்பிளை அதில் விட்டு மூடினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் பதில். 14 வகைகளை ஐந்து கூட்டாகப் பிரிக்கிறது: 16 தனியே; 18, 45 சேர்ந்து; 31, 33, 35, 52, 58 ஒன்றாக; 51, 59 ஒன்றாக; 39, 56, 66, 68 ஒன்றாக. இந்தப் பிரிப்பு வெறும் அலங்காரம் அல்ல. 16 என்றால் காத்திருக்கக் கூடாது, 39 கூட்டு என்றால் நிதானிக்கலாம். குறை, கார்ட்ரிட்ஜ் விலையும் ஒரு நேரத்தில் சில சாம்பிள்களே ஓட முடியும் என்பதும். முந்நூறு பேர் வரும் முகாமுக்கு நான்கு அறை கொண்ட ஒரு பெட்டியைக் கொண்டுபோய் 'இன்றே ரிசல்ட்' என்று விளம்பரம் போட்டால், கணக்கு உதைக்கும்.

சாம்பிளை நீங்களே எடுத்துக்கொள்ளும் கிட் இதில் பெரிய மாற்றம். படுத்து, காலை விரித்து, ஸ்பெகுலம் என்ற விரிக்கும் கருவியைப் போட வேண்டியதில்லை. கூச்சத்தால் டாக்டரிடமே போகாதவர்களுக்கு இதற்கு ஈடான வழி வேறு இல்லை. ஆஸ்திரேலியா 2022 ஜூலை முதல் பரிசோதனைக்குத் தகுதியான எல்லாப் பெண்களுக்கும் இந்த வாய்ப்பைத் திறந்துவிட்டது. வைரஸின் டி.என்.ஏ.வைப் பல மடங்கு பெருக்கித் தேடும் பி.சி.ஆர். முறை மெஷின்களில் ஓட்டினால் டாக்டர் எடுத்த சாம்பிளுக்கு ஏறக்குறைய நிகராகவே வருகிறது. ஹைப்ரிட் காப்ச்சர் போன்ற பழைய முறையில் அப்படி இல்லை, சிலரைத் தவறவிடும். கிட் வாங்கும்போது 'இது எந்த மெஷினில் ஓடும்' என்று கேட்பது இதனால்தான்.

எடுக்கும் விதம்: மாதவிலக்கு நாட்களைத் தவிருங்கள். ரத்தம் அதிகம் கலந்தால் பி.சி.ஆர். தடைபடலாம். இரண்டு நாள் முன்பிருந்தே உள்ளே வைக்கும் மாத்திரை, கிரீம் எதுவும் வேண்டாம். கையைக் கழுவிவிட்டுக் குந்திக்கொண்டோ ஒரு காலை ஸ்டூலில் தூக்கி வைத்தோ நில்லுங்கள். மென்மையான பிரஷ் போன்ற ஸ்வாப்பை நான்கைந்து சென்டிமீட்டர் உள்ளே விட்டு, 20 முதல் 30 வினாடி மெதுவாகச் சுழற்றுங்கள். கருப்பைவாயைத் தொட வேண்டியதில்லை. யோனிச் சுவரில் உதிர்ந்திருக்கும் செல்லே போதும். பயந்துபோய் நுனியை மட்டும் விட்டு எடுப்பவர்களின் சாம்பிள்தான் 'செல்லாது' என்று திரும்பி வருகிறது. பிறகு குழாயில் போட்டு, குறியிட்ட இடத்தில் ஒடித்து மூடி, பெயரும் தேதியும் அப்போதே எழுதுங்கள். உலர் ஸ்வாப் கிட்டும் திரவக் குழாய் கிட்டும் இரண்டும் கிடைக்கின்றன. தபாலில் அனுப்புவதாக இருந்தால் உலர் ஸ்வாப்தான் வசதி. திரவம் வழியில் கசிந்தால் சாம்பிள் போச்சு, போதாததற்கு அந்தத் திரவம் பல கிட்களில் மெத்தனால் கலந்தது. கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் தாமே எடுக்கக் கூடாது.

இதில் ஒரு பொடி வைத்திருக்கிறார்கள். டாக்டர் எடுத்த திரவ சாம்பிள் பாசிட்டிவ் ஆனால் அதே குழாயிலிருந்து செல்களையும் பார்த்துவிடலாம். நீங்களே எடுத்ததில் அது முடியாது, அதில் கருப்பைவாயின் செல்கள் இருக்கும் என்று நம்ப முடியாது. எனவே பாசிட்டிவ் என்றால் எப்படியும் ஒருமுறை ஸ்பெகுலம் உண்டு. கிட்டின் அட்டைப்பெட்டி இதைப் பெரிய எழுத்தில் சொல்வதில்லை.

சரி, பாசிட்டிவ். புற்று என்று பொருளில்லை. பெரும்பாலான தொற்று ஓரிரு ஆண்டில் உடம்பே விரட்டிவிடும். தங்கிவிட்டாலும் புற்றாக மாற வழக்கமாக 15 முதல் 20 ஆண்டு. முப்பதுக்குக் கீழே இந்த டெஸ்ட் வேண்டாம் என்பதற்கும் இதுவே காரணம்: தானாகப் போகப்போகிற வைரஸுக்காக இளம்பெண்ணின் கருப்பைவாயைச் சுட்டு வைப்பார்கள். கணவன் மீதோ மனைவி மீதோ சந்தேகப்படவும் இந்த ரிப்போர்ட் ஆதாரம் ஆகாது. வைரஸ் பல ஆண்டு சத்தமில்லாமல் கிடந்துவிட்டு இப்போது தெரியலாம், எப்போது தொற்றியது என்று எந்த மெஷினாலும் சொல்ல முடியாது. ரிசல்ட்டை வாட்ஸ்அப்பில் ஒற்றை வரியாக அனுப்பிவிட்டு இதை விளக்காத லேப்புக்கு எங்கள் மதிப்பெண் பூஜ்யம்.

16, 18 வந்தால் நேரே கால்போஸ்கோப்பி, அதாவது கருப்பைவாயைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்ப்பது. உலகக் கருப்பைவாய்ப் புற்றில் ஏறத்தாழ 70 சதவீதத்துக்கு இந்த இரண்டுமே காரணம். மற்ற வகை என்றால் பாப் அல்லது வி.ஐ.ஏ. செய்து பிரித்துக்கொள்ளலாம். முன்புற்று மாற்றம் (புற்றுக்கு முந்தைய நிலை) தெரிந்தால் பல நேரம் 'தெர்மல் அப்லேஷன்' போதும்: 100 டிகிரி சூடேறிய முனையைக் கருப்பைவாயில் 20 முதல் 30 வினாடி வைத்து எடுப்பார்கள், வழக்கமாக மயக்க மருந்து வேண்டாம். பிறகு சில வாரம் நீர்போல வெள்ளைப்படும், நான்கு வாரம் உறவைத் தவிர்க்க வேண்டும். ஆனால் எல்லோருக்கும் ஒத்துவராது. திட்டு முழுவதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும், கருப்பைவாய்க் குழாய்க்குள் நுழைந்திருக்கக் கூடாது, புற்று என்ற சந்தேகம் துளியும் இருக்கக் கூடாது. மாதவிலக்கு நின்றவர்களுக்குப் புற்றாக மாறக்கூடிய பகுதி உள்ளே இழுத்துக்கொண்டுவிடும். அவர்களுக்குக் கம்பி வளையத்தால் வெட்டி எடுக்கும் லீப் வேண்டும். சிகிச்சை முடிந்து ஓராண்டில் மறு டெஸ்ட்.

இந்தச் சங்கிலி எங்கே அறுகிறது என்பதைத் திண்டுக்கல் காட்டிவிட்டது. அங்கே நர்ஸ்களைக் கொண்டு நடந்த வி.ஐ.ஏ. ஆய்வு (2007இல் வெளியானது) இறப்பை 35 சதவீதம் குறைத்தது, பெருமைப்பட வேண்டிய வேலை. அதே ஆய்வில் முன்புற்று இருப்பது தெரிந்த 1,874 பேரில் சிகிச்சை பெற்றவர்கள் 72 சதவீதம். வீடு தேடிப்போய்க் கூப்பிட்ட ஆய்விலேயே நூற்றுக்கு 28 பேர் நழுவினார்கள் என்றால், கிட்டை கூரியரில் அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் நிறுவனத்தில் எத்தனை பேர் நழுவுவார்கள்? பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது: பாசிட்டிவ் ஆனால் கால்போஸ்கோப்பி எங்கே, யார் செய்வார், கட்டணம் இதில் சேர்ந்ததா? பதில் இல்லையென்றால் அங்கே வேண்டாம், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகப்பேறு புறநோயாளி பிரிவுக்குப் போங்கள்.

யாருக்கு இது தேவையில்லை? ரத்தப்போக்கோ நாற்றமுள்ள வெள்ளைப்படுதலோ உறவுக்குப் பின் ரத்தமோ இருப்பவருக்கு இது டெஸ்ட்டே அல்ல. அவரை நேரில் பார்த்துப் பரிசோதிக்க வேண்டும், தேவைப்பட்டால் பயாப்சி எடுக்க வேண்டும். மாதவிலக்கு நின்ற பின் ரத்தம் பட்டால் கருப்பையின் உள்சவ்விலிருந்தும் சாம்பிள் எடுப்பார்கள், எச்.பி.வி. நெகட்டிவ் அந்தப் புற்றைப் பற்றி எதுவும் சொல்லாது. சினைப்பைப் புற்றுக்கும் அதே கதை. அதற்கென்று பேக்கேஜில் சி.ஏ. 125 ரத்தப் பரிசோதனையைச் சொருகியிருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள். பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பல ஆண்டு தொடர்ந்த ஆய்வு, அறிகுறி இல்லாதவர்களுக்கு அதைச் செய்வதால் இறப்பு குறையவில்லை என்று 2021இல் சொல்லிவிட்டது. எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளரும் நோய்), வயிற்றுக் காசநோய், ஏன், வெறும் மாதவிலக்கிலேயே அந்த எண் ஏறும்.

'கருப்பை எடுத்தாச்சு' என்பவர்கள் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். சாதாரணக் கட்டிக்காகக் கருப்பைவாயோடு சேர்த்து எடுத்திருந்தால் டெஸ்ட் வேண்டாம். மேல்பகுதியை மட்டும் எடுத்து வாயை விட்டிருந்தால் வேண்டும். எச்.பி.வி. தடுப்பூசி போட்டவர்களுக்கும் வேண்டும். சீரம் நிறுவனத்தின் செர்வாவாக் 6, 11, 16, 18 என்ற நான்கு வகைக்கானது, மற்றவை மிச்சம் இருக்கின்றன.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் மூன்று வரிகளைத் தேடுங்கள்: மெஷின் பெயர், எந்த வகை அல்லது எந்தக் கூட்டு, சாம்பிள் எடுத்தது யார். 'செல்லாது' என்றிருந்தால் அது நெகட்டிவ் அல்ல, மறுபடி எடுக்க வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம் கேட்கிறார்களா என்பதைப் பணம் கட்டும் கவுன்ட்டரிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.