தராசு கேட்காதவரிடம் லிஸ்டிங் வேலையைக் கொடுக்காதீர்கள்

சின்னப் பிள்ளைகளின் பாவாடை சட்டை. அளவு என்ற இடத்தில் ‘03-ஏப்’. அதற்குக் கீழே ‘05-ஜூன்’, ‘07-ஆக’, ‘09-அக்’, ‘11-டிச’, கடைசியில் மட்டும் ஒழுங்காக ‘13-14’. தீபாவளிக்கு ஆறு வாரம் இருக்கையில், மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் துணியும் பலகாரமும் விற்கும் ஒரு கடையின் இணையப் பக்கம் இப்படித்தான் இருந்தது. அளவு புரியாமல் கேட்டவர்கள் பாதி, கேட்காமலே போனவர்கள் மீதி.

லிஸ்டிங் என்றால் பொருள்களை விவரத்தோடு இணையக் கடையில் ஏற்றித் தருகிற வேலை. ‘200 பொருள், 600 வெள்ளி (ரிங்கிட்), மூன்றே நாளில் ரெடி’ என்ற விளம்பரத்தை நம்பி, கடைக்கார அம்மா முழுப் பணத்தையும் முன்னதாகவே போட்டிருக்கிறார். மூன்றாம் நாள் “அக்கா, எல்லாம் ஏத்தியாச்சு, செக் பண்ணிக்குங்க” என்று வாட்ஸ்அப் வந்தது. கைப்பேசியில் தள்ளித் தள்ளிப் பார்த்தார், படம் இருந்தது, விலை இருந்தது, சரி என்று சொல்லிவிட்டார். கோளாறு தெரிந்து கூப்பிட்டபோது அந்த எண் எடுக்கவே இல்லை. ஆளின் பெயர் இங்கே வேண்டாம். பக்கத்து ஊர்களிலும் இதே பாணி வேலை நடக்கிறது, அதனால் வேலையின் லட்சணத்தைத் தெரிந்துகொள்வதுதான் உபயோகம்.

அந்த ‘03-ஏப்’ எப்படி வந்தது? 3-4 வயது என்பதை எக்செலில் ‘3-4’ என்று தட்டினால், அது தேதி என்று எக்செல் தானே முடிவு செய்துகொள்ளும். நம் ஊர்க் கணினிகளில் நாள் முதலில், மாதம் பிறகு. அதனால் ஏப்ரல் 3. பதினான்காவது மாதம் கிடையாது என்பதால் 13-14 மட்டும் தப்பித்தது. அப்படியே சிஎஸ்வி கோப்பாக, அதாவது இணையக் கடையில் ஏற்றுவதற்கான வெறும் எழுத்துப் பட்டியலாகச் சேமித்தால் திரையில் தெரிகிற தேதிதான் கோப்பிலும் போகும், பழைய ‘3-4’ திரும்பி வராது. இதே கோளாறு பார்கோடிலும் உண்டு. மலேசியப் பொருள்களின் பார்கோடு 955 என்று தொடங்கும், மொத்தம் 13 இலக்கம். எக்செல் அதை 9.55E+12 என்று சுருக்கிக் காட்டும், சேமித்தால் கடைசி இலக்கங்கள் போயே போய்விடும். எஸ்கேயு எண், அதாவது கடை தன் பொருளுக்குத் தானே வைக்கிற அடையாள எண், ‘0045’ என்பது ‘45’ ஆகிவிடும். இந்தக் கடையில் பாவாடை சட்டையின் தாய்ப் பொருளுக்கு (எல்லா அளவுக்கும் பொதுவான முதன்மை வரி) 0045, அளவுகளுக்கான வரிகளில் 45. இரண்டும் பொருந்தாததால் சில அளவுகள் எந்தப் பொருளோடும் ஒட்டாமல் அனாதையாகக் கிடந்தன. தமிழில் எழுதிய விளக்கம் எல்லாம் வெறும் கேள்விக்குறிகள். சேமிக்கும்போது சாதா சிஎஸ்வியைத் தேர்ந்தெடுத்ததன் பலன் அது. ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ என்று தனியாக ஒன்று பட்டியலிலேயே இருக்கிறது.

பரிகாரம் ரொம்பச் சின்னது: தட்டுவதற்கு முன்பே அந்த நெடுவரிசைகளை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்ற வேண்டும். வந்த சிஎஸ்வியை இரட்டைச் சொடுக்கில் திறக்காமல், டேட்டா மெனு வழியாக உள்ளே இழுத்து, அங்கேயும் டெக்ஸ்ட் என்று குறிக்க வேண்டும். லிஸ்டிங் வேலையை ஒரு வாரம் உண்மையாகச் செய்தவருக்குக்கூட இது தெரிந்திருக்கும்.

இவை கண்ணுக்குத் தெரிகிற பிழைகள். காசைத் தின்றவை வேறு இரண்டு.

முதலாவது எடை. 200 பொருளுக்கும் அந்த லிஸ்டிங் ஆள் 0.1 கிலோ என்று ஒரே எண்ணைப் போட்டு, எக்செலில் கீழே வரை இழுத்துவிட்டிருக்கிறார். முறுக்கு டின் ஒன்று, உள்ளடக்கத்தோடு 1.4 கிலோ. அதோடு முடியவில்லை. கூரியர் கணக்கில் இடத்துக்கும் எடை உண்டு. டின்னை அட்டைப்பெட்டியில் வைத்தால் 26 × 26 × 28 சென்டிமீட்டர், பெருக்கினால் 18,928. கூரியர் அதை 5000-ஆல் வகுத்தால் இட எடை 3.79 கிலோ, 6000-ஆல் வகுக்கிற கூரியர் என்றால் 3.15 கிலோ. உண்மை எடை, இட எடை இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் கட்டணம். வாங்குகிறவரிடம் 0.1 கிலோவுக்கு அஞ்சல் காசு வாங்கிவிட்டு 3.79 கிலோவுக்குக் கட்டினால், வித்தியாசம் விற்பவர் கையிலிருந்து போகும். சபா, சரவாக் ஆர்டர் என்றால் அந்த டின்னின் லாபம் மொத்தமும் விமானத்திலேயே போய்விடும். முறுக்கு, அப்பளம், பூமாலை எல்லாம் காற்றைச் சுமக்கிற சரக்கு. அவற்றுக்குத் தராசைவிட அளவு நாடாதான் முக்கியம். சேலைக்கு நேர்மாறு: மடித்தால் தட்டை, தராசு எண் போதும்.

இரண்டாவது ஸ்டாக். எல்லாவற்றுக்கும் 999. கடையில் அந்த நீலப் பாவாடை இருந்தது நான்கு. ஆர்டர் பதினொன்று வந்தது. மீதி ஏழு ஆர்டரை விற்பவரே ரத்து செய்ய வேண்டியதாயிற்று. ஷாப்பி போன்ற இணையச் சந்தைத் தளங்களில் இப்படி ரத்து செய்வது அபராதப் புள்ளியாக ஏறும். புள்ளி கூடினால் தேடலில் கடை கீழே போகும், தள்ளுபடிப் பிரச்சாரங்களில் சேர முடியாது. தீபாவளி நேரத்தில் அது வாசலைப் பூட்டியதற்குச் சமம். ஆர்டர் வந்த பிறகு சுடுகிற அதிரசத்தையும் ‘கைவசம் உள்ள சரக்கு’ என்றே போட்டிருந்தார். அது ‘முன்பதிவு’ என்ற வகையில், எத்தனை நாளில் அனுப்புவோம் என்ற கணக்கோடு வர வேண்டியது. இல்லாவிட்டால் ஒவ்வொரு டின்னும் தாமதக் கணக்கில் சேரும்.

படங்களைப் பற்றிச் சுருக்கமாக: சேலைப் படங்கள் வேறு கடையிலிருந்து எடுத்தவை. வலது மூலையில் சுவர் உருகி வழிவதுபோல ஒரு மங்கல் தெரிகிறதா, அங்கேதான் அசல் கடையின் பெயர் இருந்தது, அழித்திருக்கிறார்கள். உரியவர் புகார் கொடுத்தால் லிஸ்டிங் போகும், புள்ளியும் விழும். முறுக்குப் படத்தில் ஹலால் சின்னம் ஒட்டியிருந்தது. கடைக்குச் சான்றிதழ் கிடையாது. 2011-ஆம் ஆண்டு வாணிப விளக்கச் சட்டத்தின் கீழ் அது குற்றம், மாட்டுகிறவர் கடைக்காரர்தான். முருங்கை இலைப் பொடிக்கு ‘நீரிழிவைக் குணமாக்கும்’ என்று எழுதியது அதைவிட மோசம். அப்படி விளம்பரம் செய்வதை 1956-ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டமே தடுக்கிறது. இந்த இரண்டையும் அன்றைக்கே எடுத்துவிடுங்கள், மற்றது பிறகு.

அடுத்தது சாவி. கடைக் கணக்கு யாருடைய மின்னஞ்சலில், யாருடைய கைப்பேசி எண்ணில் திறக்கப்பட்டது என்று பாருங்கள். ஓடிபி லிஸ்டிங் ஆளுக்குப் போனால் கடை அவருடையது. சொந்த வெப்சைட் என்றால் டொமைன் (இணைய முகவரி) யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதையும் கேளுங்கள். வேலைக்கு வருபவருக்கு முதன்மைக் கடவுச்சொல் தேவையே இல்லை. ஷாப்பியில் துணைக்கணக்கு, சொந்த வெப்சைட் கடைக்கான வூகாமர்ஸ் மென்பொருளில் ‘ஷாப் மேனேஜர்’ உரிமை போதும், முடிந்ததும் நீக்கிவிடலாம். பணம் வந்து சேரும் வங்கிக் கணக்கு விவரத்தை நீங்களே கைப்படத் தட்டுங்கள்.

சரி செய்யும் வரிசையும் முக்கியம். விற்று, விமர்சனம் வந்த லிஸ்டிங்கை அழிக்க வேண்டாம், அழித்தால் நட்சத்திரமும் போகும். முதலில் ஸ்டாக் 999 உள்ள எல்லாவற்றையும் மறைத்து வையுங்கள். உள்ள தரவு முழுவதையும் கோப்பாக இறக்கி ஒரு நகல் தனியே வையுங்கள். பிறகு எடை, அளவு, எண்ணிக்கை. எண்ணி முடித்ததை மட்டும் திரும்பத் திறந்துவிடுங்கள். படமும் தலைப்பும் கடைசி. வூகாமர்ஸில் திரும்ப ஏற்றும்போது ‘இருக்கும் பொருள்களைப் புதுப்பி’ என்ற கட்டத்தில் டிக் போட மறந்தால், எஸ்கேயு ஏற்கெனவே இருக்கிறது என்று சொல்லி வரிகளைத் தாண்டிப் போய்விடும். ஏறியதாக நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். 250 கிராம், 500 கிராம், 1 கிலோ முறுக்கை மூன்று லிஸ்டிங்காகப் போட்டிருந்தால் ஒன்றாக்குங்கள். விற்ற எண்ணிக்கை மூன்றாகச் சிதறினால் மூன்றுமே பின்னால் நிற்கும். ‘200 பொருள்’ என்று கணக்குக் காட்டத்தான் இப்படி உடைக்கிறார்கள்.

புதிதாக ஆள் பிடிக்கிறவர்களுக்கு: எடை போட்டு, அளந்து, எண்ணி, வகை பார்த்து, தலைப்பு எழுத ஒரு பொருளுக்குக் கால் மணி நேரமாவது ஆகும், அதுவும் படம் தயாராக இருந்தால். 200 பொருளுக்கு 50 மணி நேரம். மூன்று நாளில் தனியாள் முடிக்கிறேன் என்றால் பொருளைத் தொடவே போவதில்லை என்று அர்த்தம். முதல் சந்திப்பில் “தராசு இருக்கா அக்கா, ஸ்டாக் எண்ணி வச்சிருக்கீங்களா” என்று கேட்கிறாரா என்று கவனியுங்கள். ஐந்து பொருளை மட்டும் முதலில் ஏற்றச் சொல்லுங்கள்: அளவுகள் உள்ள துணி ஒன்று, டின் ஒன்று, முன்பதிவுப் பலகாரம் ஒன்று, மற்றது உங்கள் விருப்பம். கைப்பேசித் திரையில் பார்த்தால் போதாது, கோப்பையே வாங்கிப் பாருங்கள். சபா முகவரி ஒன்றைப் போட்டு, பணம் கட்டும் பக்கம் வரை போய் அஞ்சல் கட்டணத்தைப் பாருங்கள். ஐந்தும் சரி என்றால் மீதி வேலை, மீதிப் பணம். பணம் போடும் முன் அவருடைய வங்கிக் கணக்கு எண்ணை, மோசடிப் புகார் உள்ள கணக்குகளைக் காட்டும் போலீசின் ‘செமாக் மியூல்’ பக்கத்தில் தட்டிப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது.

ஏமாந்தவர்கள் பலர் நேரே பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்கு ஓடுகிறார்கள். அது சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்குகிறவர்களுக்கானது, வியாபாரத்துக்காக வாங்கிய சேவை அதில் நிற்காது. 5,000 வெள்ளி வரை என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்கு உண்டு. படிவம் 198, வழக்கறிஞர் வேண்டாம். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பணம் போட்ட ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், திருத்துவதற்கு முன் இறக்கி வைத்த அந்தக் கோப்பின் நகல், நான்கும் கையில் இருக்கட்டும்.