சிறு கடல்நீர்த் தொட்டிக்கு வீட்டு ஸ்கிம்மர்: மரக்கல்லா, வலை இம்பெல்லரா?

80 லிட்டருக்குள் அடங்கும் தொட்டிக்குக் கையால் ஸ்கிம்மர் (நீரின் அழுக்கை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவி) செய்ய இரண்டு வழிகளைத்தான் பேச வேண்டும். ஒன்று, ஏர் பம்ப்பும் லைம்வுட் ஏர் ஸ்டோனும் (காற்றைக் குமிழியாக்கும் மரத்துண்டு, அதாவது மரக்கல்) வைத்த உயரக் குழாய். மற்றொன்று, பவர்ஹெட்டின் (நீருக்குள் ஓடும் சிறு பம்ப்) இம்பெல்லரில், அதாவது அதன் சுழலியில், பிளாஸ்டிக் வலை கட்டிக் காற்றைப் பொடியாக்கும் முறை. வென்சுரி (குறுகிய வாயில் பாயும் நீர் காற்றை உறிஞ்சும் குழாய்) மூன்றாவது. ஆனால் அதற்கு அழுத்தம் கூடிய பம்ப் வேண்டும். இந்த அளவுத் தொட்டிக்கு அது பொருந்தாது. 40 லிட்டருக்குக் கீழ் என்றால் ஸ்கிம்மரே வேண்டாம், வாரம் 15% தண்ணீர் மாற்றினால் போதும்.

இரண்டும் செய்வது ஒரே வேலை. நீரில் கரைந்த புரதமும் கொழுப்பும் குமிழியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு நுரையாக மேலே ஏறி, குழாயின் உச்சியிலுள்ள கழுத்து வழியே கோப்பையில் சேரும். அதே அளவு காற்றைப் பாதி விட்டமுள்ள குமிழிகளாக உடைத்தால் மொத்த மேற்பரப்பு இரண்டு மடங்காகும். அதனால் பம்ப்பின் பலத்தைவிடக் குமிழியின் நுண்மையும், அது நீரோடு உரசும் நேரமும்தான் முக்கியம். நன்னீரில் சோதித்துப் பார்த்துவிட்டு "நுரையே வரவில்லை" என்று பிரித்துப்போட வேண்டாம். உப்பில்லாத நீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகிவிடும்.

மரக்கல் முறைக்கு 5 செ.மீ. உள்விட்டமும் 50 செ.மீ. உயரமும் உள்ள பிவிசி குழாய் எடுத்தால் உள்ளே ஏறக்குறைய 1 லிட்டர் நீர் நிற்கும். மணிக்கு 100 லிட்டர் விட்டால் ஒவ்வொரு துளியும் 36 நொடி உள்ளே இருக்கும். நீர் நொடிக்கு 1.4 செ.மீ. வேகத்தில் இறங்கும். அரை மில்லிமீட்டர் குமிழி நொடிக்கு ஏறக்குறைய 5 செ.மீ. ஏறும். எதிரெதிராகப் போகும் இந்த ஓட்டம்தான் இம்முறையின் உயிர். பேராசைப்பட்டு மணிக்கு 400 லிட்டர் விட்டால் நீரும் நொடிக்கு 5.7 செ.மீ. இறங்கும். குமிழி மேலே ஏற முடியாமல் தொட்டிக்குள் கொட்டும்.

நீர் உள்ளே வரும் துளை நுரைக் கழுத்துக்கு 8 செ.மீ. கீழே இருக்கட்டும். வெளியேறும் துளை அடியில், ஏர் ஸ்டோன் அதற்கு 3 முதல் 5 செ.மீ. மேலே. பலரும் தவறுவது இங்கேதான்: கல்லை ஆகக் கீழே வைத்தால் குமிழி நேராக வெளிக்குழாயில் புகுந்துவிடும். அடித்துளையிலிருந்து ஒரு எல்போ போட்டு, பக்கவாட்டில் ஒரு குழாயை மேலே கொண்டுபோங்கள். அதன் வாயின் உயரம்தான் உள்ளே நீர்மட்டத்தைத் தீர்மானிக்கிறது. அந்த மேல்துண்டை ஒட்டாமல் செருகி மட்டும் வைத்தால் ஏற்றி இறக்கலாம். கழுத்துக்கு 4 செ.மீ. கீழே தொடங்குவது நல்லது. அடிமூடியையும் ஒட்ட வேண்டாம். கல்லை மாற்ற அதுதான் வாசல். தொட்டிக்குள்ளேயே நிற்பதால் கசிந்தாலும் நட்டமில்லை. கழுத்தும் கோப்பையும் மட்டும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நுரையைக் கண்ணால் பார்த்துச் சரிசெய்ய முடியாது. இரும்புத் திருகாணி ஒன்றுகூட உள்ளே வரக் கூடாது.

இதன் குறை செலவல்ல, சலிப்பு. மரக்கல் 4 முதல் 6 வாரத்தில் அடைத்துப்போகும். அடைக்க அடைக்கப் பம்ப்பின் டயாஃப்ரம் (காற்றைத் தள்ளும் ரப்பர் சவ்வு) திணறும். ஏர் பம்ப்பை நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள், செக் வால்வும் (ஒரு பக்கம் மட்டும் காற்றை விடும் அடைப்பு) போடுங்கள். இல்லாவிட்டால், மின்சாரம் போனால் உப்புநீர் குழாய் வழியே பம்ப்புக்குள் இறங்கிவிடும்.

வலை இம்பெல்லர் ஓடத் தொடங்கிவிட்டால் மாதக்கணக்கில் கல் மாற்றும் தொல்லை இல்லை. குழாயும் உயரமாக வேண்டாம்: 8 முதல் 10 செ.மீ. விட்டம், 30 செ.மீ. உயரம் போதும். ஆனால் செய்வது கடினம். காற்றுக்குழாயை பம்ப் நீரை உறிஞ்சும் வாயில் செருக வேண்டும். வலையை நைலான் இழையால் கட்டும்போது எடை ஒரு பக்கம் கூடினால் பம்ப் அதிரும், தண்டு தேயும். இழை பிரிந்தால் இம்பெல்லர் சிக்கி நின்றுவிடும். பம்ப்பின் கலக்கல் நுரைவரை போகாமலிருக்க, குழாயின் அடிப்பக்கத்தில் துளையிட்ட தகடு ஒன்றும் தேவை. காற்று நுழையும் முனையில் உப்பு படிந்து துளையை அடைக்கும்; வாரம் ஒருமுறை வெதுவெதுப்பான நன்னீர் உறிஞ்சவிட்டால் கரையும். நீருக்குள் ஓடும் பம்ப்பின் சூடு சிறு தொட்டியில் கணக்கில் வரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

முதன்முறை செய்பவர் மரக்கல்லையே எடுக்கலாம். தவறினாலும் அங்கே இழப்பது ஒரு குழாய்த்துண்டு. வலை முறையில் ஒரு பம்ப். ஒரு தடவை நுரையின் போக்கைப் படித்துவிட்டவருக்கு வலை முறை கைகூடும்.

எதைச் செய்தாலும் முதல் சில நாள் நுரை ஒழுங்காக வராது, புதுப் பிளாஸ்டிக்கின் எண்ணெய்ப்பசை போகும்வரை. அவசரப்பட்டு நீர்மட்டத்தை ஏற்றினால் கோப்பை ஓர் இரவில் வழியும். வழிந்த உப்புநீருக்குப் பதில் நன்னீர் ஊற்றினால் உப்பளவு இறங்கும், எனவே அளந்து பார்த்து உப்புநீரே ஊற்றுங்கள். தீனி போட்டதும் நுரை படுத்துவிடுவது தீனியின் எண்ணெயால். சில மணி நேரத்தில் தானே எழும். எழாவிட்டால் கழுத்தின் உட்புறத்தைத் தடவிப் பாருங்கள். வழவழப்பான பழுப்புப் படலம் இருந்தால் துடைத்துவிட வேண்டும். மூன்று நாளுக்கு ஒருமுறை அந்த வேலை இருக்கும்.