கங்காவின் கதையும் சரவணனின் கதையும்: மணிச்சித்ரத்தாழ், சந்திரமுகி

ஃபாசில் இயக்கி 1993இல் வெளிவந்த மலையாளப் படமான ‘மணிச்சித்ரத்தாழ்’, கன்னடத்தில் ‘ஆப்தமித்ரா’ (2004), தமிழில் ‘சந்திரமுகி’ (2005), இந்தியில் ‘பூல் புலையா’ (2007) என அடுத்தடுத்து மறு ஆக்கம் பெற்றது. சென்னை சாந்தி திரையரங்கில் 800 நாட்களைத் தாண்டி ஓடிய சந்திரமுகியை வசூலில் தோற்ற படம் என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால், மூலத்துக்கு உயிர்நாடியாக இருந்த ஒன்றை அது கைவிட்டுவிட்டது என்பதே என் கருத்து.

மது முட்டம் எழுதிய மூலக்கதை ஒரு பெண்ணின் மனநோயைப் பற்றியது. பெற்றோர் கல்கத்தாவில் இருக்க, கிராமத்தில் பாட்டியிடம் பழங்கதைகள் கேட்டு வளர்ந்தவள் கங்கா. மணமான பின்பும், வேலையில் மூழ்கிக் கிடக்கும் கணவன் நகுலனின் அருகில் அவள் தனியாகவே இருக்கிறாள். அவளைக் குணப்படுத்த வரும் மனநல மருத்துவர், மோகன்லாலின் டாக்டர் சன்னி, நெடுநேரம் கழித்தே வருகிறார் என்பதால், அதற்குள் கங்காவின் ஆசையும் ஏக்கமும் நமக்குப் பழகிவிடுகின்றன. சந்திரமுகியிலோ, அதே மருத்துவராக ரஜினிகாந்த் நடித்த சரவணனின் சண்டையும் ‘தேவுடா தேவுடா’ பாட்டும் முதலில் வந்துவிடுகின்றன. நோயாளியை நாம் அறிவதற்கு முன்பே மருத்துவரைக் கொண்டாடி முடித்துவிடுகிறோம்.

இரு படங்களுக்கும் பொதுவான கட்டில் காட்சியில் இந்த வேறுபாடு துலக்கமாகத் தெரியும். வெளியே போக வேண்டாம் என்று கணவன் தடுக்கிறான். கங்காவாக நடித்த ஷோபனாவின் முகத்தில் முதலில் வருவது சாதாரண மனைவியின் மனத்தாங்கல்தான். பிறகு பார்வை நிலைகுத்துகிறது, குரல் தடிக்கிறது, கை கட்டிலைத் தூக்குகிறது. கங்கா எந்த நொடியில், தன்னையே அவளாக எண்ணிக்கொள்ளும் பழங்கதை நடனக்காரி நாகவல்லி ஆனாள் என்று பிரித்துச் சொல்ல முடியாத அந்த நடிப்புக்குத் தேசிய விருது கிடைத்தது பொருத்தமே. தமிழில் கங்காவாக வரும் ஜோதிகாவும் முழு ஈடுபாட்டுடன் நடித்திருக்கிறார். எனினும், கங்காவின் அன்றாட முகத்தைக் காட்டப் போதிய இடம் திரைக்கதையில் இல்லாததால், அவருடைய மாற்றம் அதிர்ச்சியைத் தருகிற அளவுக்குத் துயரத்தைத் தருவதில்லை.

இயக்குநர் பி. வாசு நல்ல முடிவு ஒன்றையும் எடுத்தார். மலையாளத்தில் நாகவல்லி தஞ்சாவூர்க்காரி, பேசுவது தமிழ். அதை அப்படியே வைத்திருந்தால் தமிழ்நாட்டு ரசிகருக்கு அந்நியத்தன்மையே தோன்றியிருக்காது. ஆகவே தமிழில் நாகவல்லியின் இடத்தில் வரும் சந்திரமுகியைத் தெலுங்கு பேச வைத்தார், ‘ரா ரா’ பாட்டும் நிலைத்தது. இந்த நுட்பத்தை, அவளைக் கொன்ற மன்னன் வேட்டையன் விஷயத்திலும் அவர் காட்டியிருக்கலாம். மூலத்தில் அவனுக்கு இணையான சங்கரன் தம்பியின் கொடுமை பெரும்பாலும் பெரியவர்கள் சொல்லும் கதையாகவும் கங்காவின் மனக்காட்சியாகவும் நிற்கிறது. தமிழில் ரஜினிகாந்தே வேட்டையனாகி ‘லகலகலக’ என்று முழங்கும்போது, அவளுடைய கற்பனைக்குள் இருந்த வில்லன் நாயகனின் இன்னொரு விருந்தாகிவிடுகிறான். அரங்கம் அதிர்ந்தது உண்மைதான்; ஆனால் கதையின் உச்சத்தில் கண்கள் கங்காவைவிட்டு விலகிவிடுகின்றன.

மூலப் படத்தின் இரண்டாம் படப்பிடிப்புக் குழுவில் பணியாற்றிய பிரியதர்ஷன் இயக்கிய இந்திப் பதிப்பு, நாயகனைத் தாமதமாகக் கொண்டுவரும் துணிவைத் தக்கவைத்துக்கொண்டது. அதன் நகைச்சுவை அளவுக்கு மீறிச் சத்தமிடுகிறது என்றாலும், கங்காவின் இடத்தில் வரும் வித்யா பாலனின் அவனி தன் கதையின் நடுவில்தான் நிற்கிறாள். இந்த ஒரு காரணத்தாலேயே, நான் சந்திரமுகியைவிட அதை மூலத்துக்கு நெருக்கமாக வைப்பேன்.