ஃபன்டாசியாலாண்ட்: இடமில்லாத பூங்காவில் 12 வருடங்கள்

2013 வசந்தத்தில் முதல் முறை போனபோது மகளுக்கு மூன்று வயது. வேலைக்காக ஜெர்மனியின் கொலோன் நகரத்துக்குக் குடிவந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. "சின்னக் குழந்தை இருக்கிறதே, ஆண்டு பாஸ் எடுத்துவிடுங்கள்" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதைக் கேட்டு எடுத்தோம். கொலோனுக்கும் பானுக்கும் நடுவில் ப்ரூல் என்று ஒரு சின்ன ஊர். அங்கே 1967 முதல் இருக்கும் தீம் பார்க் ஃபன்டாசியாலாண்ட்.

அந்த வருடம் எங்களுக்குப் பிடித்த மூலை 'சில்வர் சிட்டி'. கௌபாய் காலத்து ஊர் போலக் கட்டியிருந்தார்கள். அதற்குள் இருட்டில் மெதுவாக ஊர்ந்து போகும் வெள்ளிச் சுரங்கச் சவாரி ஒன்று. மகள் அதில் மட்டும் பத்துத் தடவையாவது ஏறியிருப்பாள். அடுத்த வருடம் போனால் அந்த இடத்தைச் சுற்றி உயரமான தடுப்பு, உள்ளே மண் தோண்டும் சத்தம். "சுரங்கம் எங்கப்பா?" என்று கேட்டாள். புதிதாக ஏதோ கட்டுகிறார்கள் என்றேன். எனக்கே அது பிடிபடவில்லை. மேற்கே திரும்பினால் கண்ணுக்கு எட்டியவரை காடு. அங்கே கட்டாமல் இருப்பதை ஏன் இடிக்கிறார்கள்?

பூங்காவின் பரப்பு சுமார் 28 ஹெக்டேர். நம் கணக்கில் 70 ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. ஜெர்மனியின் மிகப் பெரிய தீம் பார்க்கான யூரோப்பா பார்க்குக்குச் சுமார் 95 ஹெக்டேர் இருக்கிறது. இங்கே ஒரு பக்கம் வீடுகளும் சாலையும். மறுபக்கத்துக் காடு இயற்கைப் பாதுகாப்புக்கு உட்பட்டது. இந்த வட்டாரம் முழுக்க ஒரு காலத்தில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம். நெய்வேலியில் எடுக்கிறோமே, அதே வகைக் கரி. கரி தீர்ந்த பள்ளங்களில் தண்ணீர் நின்று ஏரிகளாகிவிட்டன, சுற்றிலும் காடு வளர்ந்துவிட்டது. பூங்காவும் அப்படிக் கைவிடப்பட்ட ஒரு சுரங்க நிலத்தில்தான் தொடங்கியது. அந்தக் காட்டுப் பக்கம் விரிவடைய வேண்டும் என்று நிர்வாகம் 20 வருடத்துக்கும் மேலாகக் கேட்டுவருகிறது. ஊருக்குள் ஆதரவும் உண்டு, இயற்கை ஆர்வலர்களின் எதிர்ப்பும் உண்டு.

ஆகவே புதிதாக ஒன்று வர வேண்டுமானால் பழையது ஒன்று போக வேண்டும். வருவதும் பூமிக்குள்ளோ, கட்டடத்துக்குள்ளோ, இன்னொன்றின் தலைக்கு மேலோ இடம் பிடித்துக்கொள்ள வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தால் இந்தப் பூங்கா வேறு மாதிரித் தெரியும்.

2002-இல் வந்த விஞ்ஜாஸ் ஒரு நல்ல உதாரணம். ஒரே கூரைக்குள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு ஓடும் இரண்டு ரோலர் கோஸ்டர்கள். வழக்கமாகக் கோஸ்டர் என்றால் சங்கிலி இழுத்துக்கொண்டு போகும் நீளமான சரிவு ஒன்று இருக்கும். அந்தச் சரிவே பாதி இடத்தைத் தின்றுவிடும். இங்கே வண்டியை அப்படியே லிஃப்டில் வைத்துச் செங்குத்தாகத் தூக்குகிறார்கள். நடுவில் தண்டவாளத்தின் ஒரு துண்டு சிறுவர் பூங்காவின் ஏற்ற இறக்கப் பலகை போலச் சாய்ந்து வண்டியை அடுத்த பகுதிக்கு அனுப்புகிறது. மழை நாளில் நாங்கள் முதலில் ஓடுவது இங்கேதான்.

2006-இல் வந்த பிளாக் மாம்பாவுக்குத் தரையைத் தோண்டியிருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் பொலிகர்–மபியார் நிறுவனம் செய்த, கால்கள் அந்தரத்தில் தொங்கும் வகைக் கோஸ்டர். உயரம் 26 மீட்டர்தான், வேகம் மணிக்கு 80 கி.மீ. இந்த எண்களைப் பார்த்து முதலில் நான் அலட்சியமாக ஏறினேன். பாறைச் சுவர்களுக்கு நடுவே, குழிக்குள், கால் தட்டிவிடுமோ என்று தோன்றும் நெருக்கத்தில் அது சுழன்று ஓடியபோது முழங்காலை மடக்கிக்கொண்டேன். இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் பூங்காவிலும் இதே கதைதான்: மரங்களுக்கு மேல் எதுவும் தெரியக் கூடாது என்ற கட்டுப்பாட்டால் பாறையை வெடிவைத்துப் பள்ளமாக்கி 1994-இல் நெமசிஸ் என்ற கோஸ்டரைக் கட்டினார்கள். பள்ளத்துக்குள் ஓடினால் சத்தமும் பக்கத்து வீடுகளுக்கு அவ்வளவாகப் போகாது.

இனி டாரோன் என்ற கோஸ்டர். இதைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

மகளின் வெள்ளிச் சுரங்கத்தை எடுத்துவிட்டுக் கட்டியது இதைத்தான். 2016 ஜூன் 30 அன்று திறந்தார்கள். இடத்தின் பெயர் க்ளூக்ஹைம்; கருங்கல் தூண்களை அடுக்கிவைத்தது போன்ற பாறைகளுக்கு நடுவே பழைய வட ஐரோப்பியக் கிராமம். டாரோன் பாதையின் நீளம் 1,320 மீட்டர். ஒன்றேகால் கிலோமீட்டருக்கும் மேலான அந்தத் தண்டவாளத்தை எங்கே ஒளித்துவைத்தார்கள் என்று முதல் நாள் எனக்குப் புரியவே இல்லை. பாதை தன்னையே 58 இடங்களில் கடக்கிறது. ஒரு பாலத்தில் நின்றால் தலைக்கு மேல் ஒரு தடவை, காலுக்குக் கீழே ஒரு தடவை, பக்கவாட்டில் ஒரு தடவை என்று அதே வண்டி போய்க்கொண்டிருக்கும். போதாக்குறைக்கு ராய்க் என்ற குடும்பக் கோஸ்டரையும் அதே பாறைகளுக்குள் சொருகியிருக்கிறார்கள். அது முன்னால் போய், வந்த வழியே பின்னோக்கித் திரும்பிவிடும்; சுற்றி வர இடம் தேவையில்லை.

டாரோனின் உச்ச வேகம் மணிக்கு 117 கி.மீ. நான் இயந்திரப் பொறியாளன். வீட்டுக்கு வந்ததும் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். அந்த வேகத்தை வெறும் இறக்கத்தில் பெற வேண்டுமானால், உராய்வைக் கணக்கில் எடுக்காவிட்டால்கூட, ஏறத்தாழ 54 மீட்டர் உயரத்திலிருந்து விழ வேண்டும். டாரோனின் உயரம் 30 மீட்டர்தான். மீதியை மின்காந்தம் தருகிறது. தண்டவாளத்தில் வரிசையாக வைத்த மோட்டார்கள் வண்டியைத் தொடாமலே பிடித்துத் தள்ளுகின்றன. அதுவும் இரண்டு இடங்களில்: கிளம்பிய சற்று நேரத்தில் ஒரு தள்ளு, பாதி வழியில் இன்னொரு தள்ளு. பிளாக் மாம்பாவின் 80 கி.மீ. வேகத்துக்கு இதே கணக்கைப் போட்டால் 25 மீட்டர் வருகிறது, அதன் உயரமோ 26. பத்து வருட இடைவெளியில் வந்த இரண்டு கோஸ்டர்களுக்குள் தொழில்நுட்பம் என்ன செய்திருக்கிறது என்பது இதில் தெரியும். உயரமும் தேவையில்லை, நீண்ட சரிவும் தேவையில்லை என்றான பிறகு, கையகல இடத்திலும் பெரிய கோஸ்டர் கட்ட முடிகிறது.

இரண்டாவது தள்ளுக்காக வண்டி ஒரு வளைவில் சோர்ந்து வரும். சவாரி முடியப்போகிறது என்று உடம்பு தளரும். அந்த நேரத்தில் கீழிருந்து ஓர் உறுமல் எழும்பும். கிராமம் முழுக்கக் கேட்கும் சத்தம் அது. எத்தனையோ தடவை ஏறியாகிவிட்டது, அந்த ஒரு நொடியில் வயிறு இன்னும் பழகவில்லை. தலைகீழாகச் சுற்றும் வளையம் எதுவும் இதில் இல்லை, தேவையும் இல்லை.

2018 கோடையில் அம்மா மதுரையிலிருந்து வந்து இரண்டு மாதம் எங்களோடு இருந்தார். எதிலும் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டு க்ளூக்ஹைமில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் திரும்பி வந்தபோது, "ஏண்டா, ஒண்ணரை சென்ட்ல நாலு அண்ணன் தம்பி வீடு கட்டுன மாதிரில்ல இருக்கு? படி மேல படி வச்சு, ஒருத்தன் மாடிக்கு அடியில இன்னொருத்தன் வாசல்" என்றார். இந்தப் பூங்காவைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஃப்ளை வந்தது 2020 செப்டம்பரில். அதற்காகப் போனது ரேஸ் ஃபார் அட்லாண்டிஸ் என்ற, திரையில் படம் ஓட இருக்கை அசையும் சிமுலேட்டர். இந்தத் தடவை நெருக்கத்தை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார்கள்: ரூக்பர்க் என்ற அந்தப் பகுதிக்குள் கோஸ்டர், கடை, உணவகம், தங்கும் விடுதி எல்லாம் ஒன்று. சார்லஸ் லிண்ட்பர்க் என்ற அந்த விடுதியைச் சுற்றித்தான் தண்டவாளம் வளைந்து போகிறது. நெதர்லாந்தின் வெகோமா செய்த கோஸ்டர். 1,236 மீட்டர் நீளம், மணிக்கு 78 கி.மீ. வேகம். சாதாரணமாக உட்கார்ந்துதான் ஏறுகிறோம். வண்டி நகர்ந்த பிறகு இருக்கை மெல்லத் திரும்பிக் குப்புறப் படுத்த நிலைக்கு வருகிறோம். பிறகு மின்காந்தத் தள்ளு. கீழே நடைபாதையில் ஆட்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, அவர்கள் தலைக்கு மேல் பறக்கிறோம். மகள் 1.40 மீட்டர் உயரத்தைத் தாண்டிய வருடம் அது. டாரோனில் ஏற அந்த உயரம் வேண்டும். நான்கு வருடமாக அளவுகோலுக்குப் பக்கத்தில் நின்று நின்று ஏமாந்தவள், அன்று டாரோனையும் ஃப்ளையையும் ஒரே நாளில் பார்த்துவிட்டாள். இரவு காரில் தூக்கத்தில்கூடக் கையை விரித்துக்கொண்டிருந்தாள்.

இடம் தாராளமாக இருந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். யூரோப்பா பார்க்கில் 2002-இல் வந்த சில்வர் ஸ்டார் 73 மீட்டர் உயரம்; வண்டி நிறுத்துமிடத்துக்கு மேலே கம்பீரமாக ஓடுகிறது. அந்த மாதிரி உயரமும் நீண்ட மேடுகளும் ப்ரூலில் என்றைக்கும் கிடைக்கப்போவதில்லை. மேட்டின் உச்சியில் உடம்பு இருக்கையை விட்டு எழும்பி மிதக்கும் உணர்வு தனி; அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இடம் இருப்பதாலேயே எல்லாம் நன்றாக வந்துவிடாது என்பதையும் பார்த்திருக்கிறேன். விடுமுறைக்குப் போன வேறொரு பூங்காவில் (பெயர் வேண்டாம்) புதுக் கோஸ்டரைப் பரந்த வெட்டவெளியில் வைத்திருந்தார்கள். நிழலே இல்லாத கால் மணி நேர நடை. ஓடும்போது சுற்றிலும் புல்வெளியும் கம்பி வேலியும்தான். பக்கத்தில் எதுவுமே இல்லாததால் வேகமே தெரியவில்லை. இத்தனைக்கும் அது டாரோனைவிட உயரமானது.

முதல் சில வருடங்கள் நான் விரிவாக்கத்துக்கு முழு ஆதரவு. காட்டில் ஒரு துண்டு கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று அலுவலக நண்பர்களிடம் வாதிட்டிருக்கிறேன். பெருந்தொற்றுக் காலத்தில் பூங்கா மூடிக் கிடந்தபோது, பழக்கம் விடாமல் ஞாயிற்றுக்கிழமைகளில் அதே வழியில் வண்டியை ஓட்டிக்கொண்டு போய் அந்தக் காட்டுக்குள் நடக்க ஆரம்பித்தோம். பழைய சுரங்கப் பள்ளங்களில் நின்ற தண்ணீர், கரையில் தவளைச் சத்தம், வாத்துகள். கரி எடுத்துப் பாழான மண் இப்படித் திரும்பி வருவதற்கு ஒரு மனித ஆயுள் ஆகியிருக்கிறது. அதைப் பார்த்த பிறகு அந்த வாதத்தை என்னால் தொடர முடியவில்லை. இப்போது கேட்டால், வண்டி நிறுத்துமிடங்களை அடுக்குமாடியாக்கி அந்த இடத்தை எடுத்துக்கொள்ளட்டும், காட்டைத் தொட வேண்டாம் என்பேன். மகள் ஒப்புக்கொள்வதில்லை. "அப்பா, சுரங்கத்தை இடிச்சதுக்கு நீங்கதானே வருத்தப்பட்டீங்க? இடம் இருந்திருந்தா இடிச்சிருக்க மாட்டாங்கல்ல?" என்று மடக்குகிறாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பழைய மரக்கட்டைப் படகுச் சவாரிகள் போய்த்தான் 2014-இல் சியாப்பாஸ் வந்தது. 53 டிகிரி சரிவில் படகு விழும், அருமையான சவாரி. ஆனால் பழைய படகில் சின்ன வயதில் போன பக்கத்து வீட்டுக்காரருக்கு இன்றும் அந்தப் பேச்சை எடுத்தால் குரல் மாறிவிடும்.

போக நினைப்பவர்களுக்கு: கார் இல்லாவிட்டால் ரயிலில் ப்ரூல் வரை வந்து அங்கிருந்து பேருந்து. கூட்டம் சேர்வதற்கு முன் ஃப்ளை, பிறகு பிளாக் மாம்பா, மதியம் கட்டடத்துக்குள் இருப்பவை, டாரோனை இருட்டிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்திலும் திறக்கிறார்கள், பாறைகளுக்கு நடுவே விளக்கும் நெருப்பும் எரிய டாரோனில் போவது வேறு அனுபவம், கையுறையும் கழுத்துத் துணியும் கட்டாயம். ஃப்ளையில் கைபேசி உட்பட எதையும் கொண்டுபோக முடியாது, லாக்கரில் வைத்துவிட வேண்டும். ஏற்ற இறக்கமும் படிகளும் அதிகம் என்பதால் முட்டி வலி உள்ளவர்களை மெதுவாகக் கூட்டிப்போங்கள். ஏறாதவர்களுக்கும் க்ளூக்ஹைம் பெஞ்சில் ஒரு மணி நேரம் போவது தெரியாது, அம்மாவே சாட்சி.

அடுத்து எதை எடுப்பார்கள் என்ற பேச்சு எங்கள் வீட்டில் அடிக்கடி வரும். என் பயமெல்லாம் கொலராடோ அட்வென்ச்சரைப் பற்றித்தான். 1996-இல் மைக்கேல் ஜாக்சன் வந்து திறந்துவைத்த சுரங்க ரயில் கோஸ்டர். இன்றைய கணக்கில் வேகம் குறைவு, எடுத்துக்கொண்டிருக்கும் இடம் அதிகம். ஆனால் வெள்ளிச் சுரங்கம் போன பிறகு மகள் போய் நின்றது அதன் வரிசையில்தான். அவள் ஏறிய முதல் நிஜமான கோஸ்டரும் அதுதான். இப்போது 15 வயது. ஒவ்வொரு தடவையும் கிளம்புவதற்கு முன், டாரோன் வரிசை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதை விட்டுவிட்டு, கடைசிச் சவாரிக்கு என்னை இழுத்துக்கொண்டு போவது கொலராடோவுக்கு.