சுங்கை சிப்புட் மசாலா மில்லு: இனிப்பு நீர் உள்ள வீட்டுக்கு நான் சொல்ற கடை

மலேசியாவுல பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட் டவுன்ல மார்க்கெட்டுக்குப் பின்னால ஒரு சின்ன மசாலா மில்லு இருக்கு, தோட்டத்து ஆளுங்க மிளகாத்தூள் அரைக்க வர்ற கடைதான், ஆனா இனிப்பு நீர் (சர்க்கரை வியாதி) உள்ளவங்க வீட்டுல சோத்த குறைச்சு கேவுரு (கேழ்வரகு), பார்லின்னு மாத்தணும்னு நினைச்சா முதல்ல இங்க போங்கன்னுதான் சொல்லுவேன். ஏன்னா இங்க நம்ம கேக்கற பதத்துக்கு அரைச்சுக் குடுக்கறாங்க.

பதத்துல என்ன இருக்குன்னு கேப்பீங்க. முழு தானியம்னா தவிடு, முளை, உள்ள இருக்கிற மாவு மூனும் சேர்ந்தது, தவிட்டு நார்ச்சத்தும் உடையாத பதமும் இருக்கிறதாலதான் சர்க்கரை சடார்னு ஏறாம மெதுவா ஏறுது. அதையே பவுடரா அரைச்சு கஞ்சி காய்ச்சி மடக்மடக்குனு குடிச்சா சீக்கிரம் செரிச்சு ரத்தத்துல கலந்துடும், அப்புறம் முழு தானியம்னு சொல்லி என்ன பிரயோஜனம்? எங்க அம்மாவுக்கு விரல்ல குத்திப் பாக்கறப்ப நல்லாவே தெரியுது, நைஸ் மாவு கஞ்சின்னா 11 mmol/L தாண்டிடும், அதே கேவுர குருணையா உடைச்சு பருப்பும் முருங்கைக்கீரையும் போட்டு கிண்டினா 8 சொச்சத்துலயே நிக்குது (சாப்பிட்டு ரெண்டு மணி நேரத்துல 8.5 தாண்டாம பாத்துக்கணும்னு கிளினிக்ல சொல்லியிருக்காங்க).

மில்லுல இருக்கிற அக்கா முதல்ல ஒரு கைப்பிடிய மட்டும் போட்டு அரைச்சு, தட்டுல கொட்டி, நம்மள விரல்ல தேய்ச்சுப் பாக்கச் சொல்லுவாங்க. "இது போதுமாம்மா, இன்னும் பெருசா வேணுமா?"ன்னு கேட்டுட்டு மெஷின கொஞ்சம் தளர்த்தி இறுக்கி சரி பண்ணிட்டுதான் மிச்சத்த போடுவாங்க. தானியத்துக்கு தனி மெஷின், அதனால மாவுல காரம் ஏறாது. அரைச்ச சூடு ஆறுற வரைக்கும் பைய கட்ட விட மாட்டாங்க, கட்டினா வேர்த்து கட்டி புடிச்சிடுமாம்.

இன்னொன்னு, விக்கணும்னு பொய் சொல்றதில்ல. வேற ஊர்ல ஒரு கடையில சத்துமாவு பாக்கெட்டுல இனிப்பு நீருக்கு நல்லதுன்னு பெருசா ஒட்டி வச்சிருந்தாங்க, திருப்பிப் படிச்சா பச்சரிசியும் ஜவ்வரிசியும்தான் முன்னாடி நிக்குது, எனக்கு வயிறெல்லாம் எரிஞ்சுடுச்சு, வயசானவங்க நம்பித்தானே வாங்கறாங்க. 2019ல எடுத்த மலேசிய தேசிய சுகாதார ஆய்வுல நம்ம இந்தியர்ல பெரியவங்க நூறு பேர்ல 31 பேருக்கு ரத்தத்துல சர்க்கரை கூட இருந்துச்சு, இதுல விளையாடலாமா?

இந்த அக்கா நேராவே சொல்லிடுவாங்க, "கேவுரும் மாவுதாம்மா, அளவாத்தான் சாப்பிடணும்"னு. அது உண்மை. 100 கிராம் கேவுரு மாவுல மாவுச்சத்து மட்டுமே சுமாரா 70 கிராம், டயட்டீஷியன் ஒரு பங்குன்னு சொல்றது 15 கிராம், அப்ப 20 கிராம் மாவுலயே கிட்டத்தட்ட ஒரு பங்கு முடிஞ்சிடும். பிரவுன் ரைஸும் அப்படித்தான், ஒரு கப் சோத்துல மாவுச்சத்து வெள்ளைச் சோத்துக்கு கிட்டத்தட்ட சமம், நார்ச்சத்துதான் கூட. அதனால எந்த தானியமா இருந்தாலும் மலாய்ல 'சூக்கு சூக்கு செப்பாரோ'ன்னு சொல்ற கால், கால், பாதி கணக்குதான், தட்டுல கால்வாசி தானியம், கால்வாசி மீனோ கோழியோ பருப்போ, பாதி காய். இன்சுலின் போடறவங்க, மாத்திரை சாப்பிடறவங்க சோத்த திடீர்னு குறைச்சா சர்க்கரை ரொம்ப இறங்கிடலாம், கிட்னி பிரச்சனை இருந்தா முழு தானியமே ஒத்துக்காம போகலாம், டாக்டர்கிட்ட கேட்டுட்டு மாத்துங்க.

பார்லியும் இங்கயே வாங்கிடலாம். நம்ம ஊர்ல பார்லின்னா ஆயிர் பார்லிதான் (பார்லித் தண்ணி), சீனிய அள்ளிப் போட்டு தண்ணிய குடிச்சிட்டு நல்லத கீழ கொட்டிடுவோம். அந்த பார்லிய ராத்திரி ஊற வச்சு வேக வச்சு, சோறு மாதிரி ரசமும் பொரியலும் வச்சு சாப்பிட்டுப் பாருங்க, கொஞ்சம் சாப்பிட்டாலே பசி தாங்கும், அம்மா இப்ப மத்தியானத்துக்கு இதைத்தான் கேக்கறாங்க.

குறைன்னா, தினை, சாமை எல்லாம் விலை கூட, கோதுமை ரவை பாதி நேரம் இருக்காது. அங்க பாக்கெட் போட்டு வச்சிருக்கிற கலவை மாவுல என்னென்ன சேர்த்திருக்குன்னு ஒட்டி வைக்கல, கேட்டா சொல்றாங்க, ஆனா எழுதியே வைக்கணும். அரைக்கிற கூலி கிலோவுக்கு ரெண்டு வெள்ளி (ரிங்கிட்). சம்பள வாரத்துல கூட்டம் தாங்காது, காலையில சீக்கிரம் போங்க, கேவுர வீட்டுலயே கழுவி நல்லா காய வச்சு எடுத்துட்டுப் போங்க, ஈரம் இருந்தா அக்கா வாங்க மாட்டாங்க.