உள்ளடக்கும் கற்பித்தல்: ஓர் இணையவழிப் பயிற்சி பற்றி

எந்த மாணவரையும் விட்டுவிடாமல் கற்பிப்பது எப்படி என்று சமூகப்பணித் துறை ஆசிரியர்களுக்காக நடத்தப்பட்ட ஆறு வார இணையவழிப் பயிற்சி ஒன்றைச் சென்ற மாதம் முடித்தேன். வழக்கமான உபதேசமாகத்தான் இருக்கும் என்ற என் எண்ணம் முதல் வாரமே மாறிவிட்டது. அமெரிக்கக் கல்வி ஆய்வு நிறுவனமான காஸ்ட் (CAST) 2024இல் திருத்தி வெளியிட்ட 'கற்றலுக்கான பொது வடிவமைப்பு' (எல்லா வகை மாணவருக்கும் ஏற்றபடி பாடத்தைத் தொடக்கத்திலேயே அமைக்கும் முறை) நெறிமுறைகளை விளக்கியதோடு நில்லாமல், அவரவர் பாடத்திட்டத்தையே எடுத்துவைத்து வரிவரியாகத் திருத்தச் சொன்னார்கள்.

"வகுப்பில் பேசுவதற்கு 10 மதிப்பெண்" என்று நான் பல ஆண்டுகளாக எழுதிவந்த ஒரு வரி, பாடத்தை நன்கு புரிந்துகொண்டும் சபையில் வாய் திறக்கத் தயங்கும் மாணவரைத் தண்டிக்கிறது என்பது அன்றுதான் உறைத்தது. பேச்சு, எழுத்துக் குறிப்பு, ஒலிப்பதிவு ஆகியவற்றுள் எதையும் தேர்ந்துகொள்ளலாம் என்று அதை மாற்றினேன். களப்பணி குறித்த பகுதி இதைவிடச் சிறப்பு: ஊதியமில்லாத களப்பணிக்காகப் பகுதிநேர வேலையை விட்டால் கட்டணமே கட்ட முடியாத மாணவருக்கு நேர அட்டவணையை எவ்வாறு வகுப்பது என்று இரண்டு அமர்வுகள் முழுக்க விவாதித்தோம்.

குறை என்னவென்றால், எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 என்ற விகிதத்தில் ஒளி வேறுபாடு வேண்டும் என்று பாடம் நடத்தியவர்களின் சொந்தப் படவில்லைகளிலேயே வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்துகள்தாம் இருந்தன. காணொளிகளின் வசன வரிகளும் தானியங்கி. துறைச்சொற்கள் பாதி பிழை. எழுதிக் கேட்டேன், "பரிசீலிக்கிறோம்" என்று பதில் வந்தது. பயிற்சி முடியும்வரை ஒன்றும் மாறவில்லை.

புதிதாகப் பாடத்திட்டம் எழுதவிருப்பவர்கள் தயங்காமல் சேரலாம். சான்றிதழ் மட்டும் போதும் என்பவர்களுக்கு வாராந்திர ஒப்படைப்புகள் சுமையாகவே இருக்கும்.